உன் போனை இன்னும் அணைக்கவில்லை

என் செல்லத் தம்பி செல்வத்துக்கு,

உன் போன் என் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. நீ போய் ஏழு மாதமாகியும் தினமும் சார்ஜ் போடுகிறேன். காலை பத்து மணியானால் அடிக்கும். பெங்களூரிலிருந்து கிரெடிட் கார்டு பாக்கி கேட்கும் பெண். “செல்வம் சார் இதாரா?” என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் குரல் கேட்டதும் தமிழுக்கு மாறுவாள். “சார் எப்ப வருவாங்க மேடம்?”

“வெளிய போயிருக்கான்” என்கிறேன். இறந்துவிட்டாய் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இந்த ஓசூருக்கு உன் பெயரைச் சொல்லி உன்னைத் தேடிப் போன் செய்வது இப்போது அவள் ஒருத்திதானே?

முதல் கார்டு நினைவிருக்கிறதா? ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியதும் லிமிட்டை இருமடங்காக்கி இங்கிலீஷில் கடிதம் வந்தது. பி.காம். படித்த அக்கா நான்தான் வாசித்தேன். ‘பாராட்டுகள்’ என்ற முதல் வரியை மட்டும், சத்தமாக. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் நீ கம்பெனியில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாய், இன்க்ரிமென்ட் வந்தவன் மாதிரி. “என்னடா, சூப்பர்வைசர் ஆயிட்டியா?” என்று உன் லைனில் வேலை பார்க்கும் முனிராஜு கிண்டல் செய்தானாம். “அதுக்கும் மேலடா. பேங்க்காரனே என்னை நம்பறான்” என்றாயாம்.

பிறகு மூன்று கார்டு. ஒன்றில் எடுத்து இன்னொன்றில் கட்டினாய். பில்லில் ‘மினிமம்’ என்று இருந்ததை மாதத் தவணை என்றே நினைத்திருந்தாய். கட்டக் கட்ட ஏன் குறையவில்லை என்று நீ கேட்டபோதுதான் அந்தப் பொடி எழுத்தை வாசித்தேன்: மினிமம் மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்குமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியோரம் நின்று, “அக்கா, மஞ்சக் கடுதாசி குடுத்தரலாமா?” என்றாய். கடனை அடைக்க வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதற்கு நம் ஊர்களில் அதுதானே பெயர். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மஞ்சக் கடுதாசி குடுத்த வீட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? ஓ.டி. பாத்துக் கட்டு.”

பார்த்தாய். இரண்டு ஷிப்டைச் சேர்த்து முடித்துவிட்டு சிப்காட்டிலிருந்து வண்டியில் வரும்போது, நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினாய். தூங்கியிருப்பான் என்றார் போலீஸ்காரர். தூங்கினாயா, செல்வம்?

போன வாரம் முனிராஜு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “அக்கா, எனக்கும் மூணு கார்டு. மஞ்சக் கடுதாசி குடுத்தா ரொம்பக் கேவலமாக்கா?” கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை திரும்பிப் பார்த்தேன்.

நேற்று அவனைக் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். “வெள்ளக்காரன் காலத்துச் சட்டம்மா. ஐந்நூறு ரூவா கடன் இருந்தாலே மனு போடலாம்னு இருக்கு, பாத்துக்குங்க! மாத்தணும் மாத்தணும்னு பேசிட்டே இருக்காங்க. அதுவரைக்கும் இதான்” என்று சிரித்துக்கொண்டே மனுவின் மாதிரிப் படிவம் ஒன்றை நீட்டினார். முனிராஜு முன்னும் பின்னும் புரட்டினான்.

“சார், மஞ்சத் தாளு எங்க?”

அதில் மஞ்சளே இல்லை, செல்வம். வெறும் வெள்ளைத் தாள். இல்லாத ஒரு நிறத்துக்கா பயந்து உன்னை ஓ.டி.க்கு அனுப்பினேன்?

திங்கட்கிழமை முனிராஜு கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நிற்பேன். யார் கேட்டாலும், நான்தான் போடச் சொன்னேன் என்பேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் உன்னைக் கேட்பாள். அப்போது சொல்லிவிடுவேன். அதன் பிறகு இந்த வீட்டில் உன் பெயரை நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் சொல்வேன், தம்பி.

துணிக்கொடியிலிருந்து அன்று திரும்பிப் பார்க்காத
உன் அக்கா