மண்டூருக்கு வைத்த சிப்பி

மண்டூரிலிருந்து கொண்டுவந்த நம் படத்துணியைக் கொடியில் விரித்திருக்கிறேன். தோணியில் வரும்போது ஒரு மூலை நனைந்துவிட்டது. வெயில் ஏற ஏற அதிலிருந்து கண்டல் பட்டையின் துவர்ப்பு வாசம் எழுகிறது. பானையில் பட்டை அவித்துக் கிளறிய நாள்களில் உன் தலைமுடியிலும் இதே வாசம்தான். சேமக்காலையில் உன் கல்லறைக்கு வந்து காதோடு சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அங்கே எப்போதும் யாராவது நிற்பார்கள். எனக்கு எழுதுவதுதான் வசதி.

நான் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவுக்குப் பக்கத்தில் வலை முடிய உட்கார்ந்தேன். அடுத்த வளவில் நீ. நீயும் பாதியில் நின்றவள்தான், ஆனால் உன் வாய் நிற்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியிலேயே எல்லாரோடும் கதைத்துக்கொண்டு வருவாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன்.

உன் அப்பாவின் வலையில் இறால் குறைந்த வருடம் அது. நீ என்னை இழுத்துக்கொண்டு வாவிக்கரை நெடுக நடந்தாய். கண்டல் மரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி அடர்ந்து நின்ற இடத்தில் இறால் குஞ்சுகள் துள்ளின. மரங்கள் மொட்டையாய்க் காய்ந்து நின்ற இடத்தில் சேறு மட்டும்தான். வலைக்குச் சாயம் போட நம் ஊரார் பட்டையைச் சுற்றி உரித்துவிட்ட மரங்கள் அவை. அக்கரையில் வயல்காரர்கள் வேலிக்கட்டைக்கும் விறகுக்கும் வெட்டினார்கள். நம் ஊர் அவர்களைக் குறை சொன்னது. அவர்கள் நம்மைக் குறை சொன்னார்கள்.

அன்று பின்னேரம் உன் வளவு மணலில், நாம் ஆறு என்று சொல்லும் வாவியைக் கீறினாய். வடக்கே பட்டணம், தெற்கே நம் கல்லாறு. கரையைச் சுற்றி ஊருக்கு ஒரு சிப்பியாகக் கவிழ்த்து வைத்தாய்.

"படிப்பிச்சு முடிச்ச ஊரை நிமிர்த்தி வைப்பம்" என்றாய்.

"இவ்வளவு ஊருக்குமா?"

"இது ஆத்தைச் சுத்தி மட்டும்தான்கா. மறுகா மாகாணம் முழுக்க இரிக்கு. மூதூர், பொத்துவில் எல்லாம் போகணும்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எந்த ஊரில் எப்போது சனம் தானாகக் கூடும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாய். களுதாவளையில் பிள்ளையார் கோயில் திருவிழா, இன்னோர் ஊரில் கண்ணகி அம்மன் குளிர்த்தி, மற்றொன்றில் மாதா பெருநாள். "நாம கூட்டம் கூட்டப்படாது. கூடின இடத்துக்குப் போகணும்." அது உன் முதல் சட்டம். "வட்டைக்காரருக்கு இறால் பாடம், மீன்காரருக்கு வயல் பாடம்." அது இரண்டாவது. வயல்காரருக்கு வயலையும் மீன்காரருக்கு மீனையும் படிப்பிக்கப் போனால் அடிதான் விழும் என்றாய்.

படம் வரைவது என் வேலை, கதைப்பது உன் வேலை. பழைய வேட்டியொன்றில் வாவியை வரைந்தேன். தண்ணீருக்கு நீலச் சவுக்கார நீலம். கரைக்கும் மரத்துக்கும் மண்ணிறம் வேண்டும். நமக்குத் தெரிந்த மண்ணிறம் ஒன்றுதானே.

முதல் பாடம் நம் ஊரிலேயே, வலை காயப்போடும் இடத்தில். நான் துணியைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் மறைந்து நின்றேன். பட்டை உரித்தால் மரம் சாகும், மரம் செத்தால் வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறும், இறாலும் போகும் என்று நீ அழகாகச் சொல்லி வந்தாய். வலைக்கார மாமா எழும்பி வந்து துணியை முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கு என்ன சாயம் புள்ள?"

துணியை இன்னும் உயர்த்தி முகத்தை மறைத்தேன். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. "வலைக்கு உரிச்சாப் பாவம், படத்துக்கு உரிச்சாப் புண்ணியமா?" என்று ஒருவர் கேட்டார்.

நீதான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தாய். "கண்டல்தான் மாமா. நாங்களும் சுத்தித்தான் உரிச்சிட்டம். இலை வாடத் தொடங்கிட்டு. வாங்க, காட்டுறன்."

கூட்டத்தையே கரைக்குக் கூட்டிப்போனாய். வாடும் நம் மரத்தையும் அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு பக்கம் மட்டும் உரித்த மரத்தையும் காட்டினாய். அந்த மரம் பச்சையாக நின்றது. அங்கேயே வாதம் நடந்தது. மாமா கடைசியில், "உரிக்காத எண்டா நாங்க கேக்க மாட்டம். ஒரு பக்கமா உரி எண்டாக் கேக்கலாம்" என்றார். அன்றிலிருந்து நம் பாடம் அதுதான். வீட்டுக்கு வந்து கல்லாற்றுச் சிப்பியை நிமிர்த்தினாய். களுதாவளையில் இந்தக் கதையையே முதலில் சொன்னாய். சனம் சிரித்துவிட்டுக் கேட்டது.

அடுத்தது மண்டூர். திருவிழாவுக்கு வருகிறோம் என்று கோயிலுக்குச் சொல்லி அனுப்பினாய். வயல்காரர்களின் ஊர் என்பதால் அதுதான் உனக்கு முக்கியம். "மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் புள்ள முருகன் கோயிலில என்னத்தைப் படிப்பிக்கப் போகுது?" என்று என் அம்மா கேட்டதற்கு, "முருகனும் இந்த ஆத்துத் தண்ணியிலதானே மாமி தீர்த்தமாடுறார்" என்றாய். பிறகு என்னைச் சீண்டினாய். "அங்க ஐயாவே துணியால வாயைக் கட்டித்தான் பூசை செய்யிறார். உனக்குத் தோதான இடம்கா."

திருவிழாவுக்கு முன்பே உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது நீ வேறு எதுவும் சொல்லவில்லை. "மண்டூரை விட்டிராத."

விட்டுவிட்டேன். அந்த வருடம் துணி பெட்டிக்குள் கிடந்தது. மழை பெய்து மணலில் வாவி அழிந்தது. சிப்பிகளை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். இந்த வருடம் மண்டூர் வண்ணக்கர் ஆள் அனுப்பினார். கோயில் பொறுப்பிலுள்ளவர் அல்லவா, மறக்கவில்லை. "படம் காட்டுற புள்ளைகள் வரல்லியா?"

அம்மா என்னைப் பார்த்து, "ரெண்டு சொல்லுக் கதைக்க ஏலாத நீ போய் என்ன செய்யப் போறாய்?" என்றாள். கோபத்தில் அல்ல, பயத்தில். நான் துணியை மடித்தேன். அவளும் என்னோடு தோணி ஏறினாள்.

துணியை இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டினோம். இந்த முறை அதற்குப் பின்னால் நிற்க எனக்கு வேலை இல்லை. முன்னால் நின்றேன். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. வயல்காரர் ஒருவர் சொன்னார்:

"பூசைக்குத்தான் புள்ள இங்க வாய் கட்டுற. உனக்கு ஆர் கட்டின?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, உன் குரல் கேட்டதுபோல் இருந்ததால். சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிட்டேன்: "உங்கட வேலிக்கட்டை என்ன மரம் மாமா?"

"கண்டல்தான். வேற என்ன?"

"எங்க வெட்டின?"

அவர் எழும்பி வந்து துணியில் விரலை வைத்தார். "இதில."

"அதுக்குப் பின்னால ஆருட வட்டை?"

அவர் விரலை எடுக்கவில்லை. பின்னாலிருந்து வேறொருவர், "அவருட வட்டைதான். ரெண்டு போகமா உப்புத் தண்ணி ஏறுதெண்டு அழுறார்" என்றார். மறுபடி சிரிப்பு. அவர் மட்டும் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேர்கள் கரையைப் பிடித்து நிற்பதையும் அந்த வேர்களுக்குள் இறால் குஞ்சு ஒளிவதையும் காட்டினேன். நம் ஊர் பட்டை உரித்துத் தோற்ற கதையையும் சொன்னேன். உன் அளவுக்கு அழகாக இல்லை. பல இடத்தில் நின்று நின்றுதான் சொன்னேன். ஆனால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

கடைசியில் அவர் கேட்டார். "திரும்ப நட்டா வருமா?"

"வரும். கண்டல் காய் முருங்கைக்காய் மாதிரித் தொங்குமே, அதைச் சேத்துக்குள்ள குத்தி விட்டாப் போதும். நான் கொண்டு வாறன்."

அப்படிச் சொன்னது நான்தான். அம்மாவைக் கேள், அவள் சாட்சி. திரும்பும் தோணியில் அவள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "அடுத்தது எந்த ஊர்?"

இன்று காலையில் உன் வளவுக்குப் போய் மணலில் வாவியை மறுபடி கீறினேன். உன் அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. சிப்பிகளை ஊருக்கு ஒன்றாக வைத்தேன். கல்லாறும் களுதாவளையும் நீ நிமிர்த்தியவை. மண்டூரை நான் நிமிர்த்தினேன். மற்றவை கவிழ்ந்தே கிடக்கின்றன, பட்டணம் வரைக்கும். அதற்கப்பால் மூதூரும் பொத்துவிலும் இருக்கின்றன, நான் மறக்கவில்லை.

துணி காய்ந்துவிட்டது. கரைக்குப் போய்க் கண்டல் காய் பொறுக்க வேண்டும், மண்டூரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கூடை இரண்டு எடுத்திருக்கிறேன். மற்றதை அம்மா தூக்குகிறாள்.