சேக்கின் சீட்டு

21 ஜூலை 1914, சைகோன்

வந்து பதினாறு நாள். இன்றைக்கும் ஒருவரும் பிரசங்கம் கேட்கவில்லை. சுவிசேஷம் சொல்ல வந்தோம், விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தரங்கம்பாடியில் மிஷன் பாதிரி ஐயருக்கு இதை எப்படி எழுதுவது?

இடம் தருவதாகச் சொல்லியிருந்த புதுச்சேரி குமாஸ்தா ஆந்துவான், நாங்கள் கத்தோலிக்கர் அல்ல, லுத்தரன் சபை என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். கான் ஹொய் கப்பல் துறையில் பெட்டியோடு நின்ற எங்களைக் கூட்டிவந்தவர் காரைக்கால் ஜவுளிக்காரர் ஹாஜி முகம்மது. "தரங்கம்பாடியா? அட, நம்ம பக்கத்து ஊருல்ல! பெட்டியத் தூக்குங்க." எதற்கு வந்தோம் என்று மூன்றாம் நாள்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் ஒளிக்காமல் சொன்னார். ஹாஜியார் சிரித்துவிட்டார். "தாராளமா சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன். ஆனா சோறு வேளைக்கு வந்துடும்."

27 ஜூலை

நோன்பு தொடங்கி நாலு நாள். ஹாஜியாரின் மனைவி மாதார் பீவி இந்த ஊர் அன்னாமியப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் கற்றவள். தான் தண்ணீர்கூடத் தொடாமல் உச்சி வேளையில் எங்களுக்கு மீன் குழம்பு வைக்கிறாள். "நாங்களும் உங்களோடு பொழுது சாய்ந்து சாப்பிடுகிறோம்" என்றேன். "நீ நோன்பு இல்லை அக்கா. நீ சாப்பிடு" என்று கரண்டியை ஓங்கினாள். வெட்கமாயிருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

இவருக்குக் காலையிலிருந்து உடம்பு சுடுகிறது.

31 ஜூலை

காய்ச்சல் இறங்கவில்லை.

5 ஆகஸ்ட்

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டுவிட்டது. இங்கிருந்த ஜெர்மன் வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். நாங்கள் யாரென்று காட்ட எங்களிடம் இருப்பது ஒரே கடுதாசி. அதில் ஜெர்மன் மிஷன் முத்திரை, ஜெர்மன் ஐயர் கையெழுத்து!

ஹாஜியார் வாங்கிப் பார்த்தார். "இத யார்கிட்டயும் காட்டிடாதீங்க தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் பதிலா ஜெயில்ல கொண்டு போட்டுடுவான்."

கடுதாசி இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் மாட்டார்கள். கர்த்தாவே, உமக்குக் கண் இருக்கிறதா?

7 ஆகஸ்ட்

வைத்தியர் கையை விரித்துவிட்டார். குடல் காய்ச்சல், இனி வீட்டில் வைத்திருந்தால் தப்பாது என்கிறார்.

மத்தியானம் ஹாஜியார் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். அவருடைய தம்பி சேக், இவரைவிட ஒரு வயது இளையவர், கல்யாணத்துக்காகக் காரைக்கால் போயிருக்கிறார். இங்கே குடியிருப்பதற்கான அவருடைய சீட்டு அண்ணனிடம் இருக்கிறது. "என் தம்பின்னு சொல்லிச் சேத்துடுறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்போது இவருக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். கிறிஸ்துவைச் சொல்ல வந்த ஊரில் கிறிஸ்தவன் இல்லையென்று சொல்லவா? என்னை மறுதலிக்க வைக்காதே." சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

8 ஆகஸ்ட்

பொழுது விடியும்போது ரத்தமாகப் போனது. என்னையே யாரென்று கேட்டார். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்? சத்தியத்தைக் காப்பாத்தவா, மனுஷனைக் காப்பாத்தவா? வேதபுஸ்தகத்தைத் திறந்து வைத்தேன், ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியலே. ஜெபிக்க வாயும் வரலே. மாதார் பீவி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு ஹாஜியாரிடம் போய்ச் சரி என்றேன்.

பாவம் என்மேல் இருக்கட்டும். இவர்மேல் வேண்டாம்.

11 ஆகஸ்ட்

காய்ச்சல் கொஞ்சம் தணிந்து நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீ கட்டிலருகே வந்து "சேக்" என்று கூப்பிட்டாள். இவருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூப்பிட்டேன், கெஞ்சினேன். திரும்பவே இல்லை.

14 ஆகஸ்ட், வெள்ளி

விடியற்காலை போய்விட்டார். என்னோடு பேசாமலே போய்விட்டார்.

15 ஆகஸ்ட்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இறப்புச் சீட்டும் சேக் பேரில்தான் கொடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடிருக்கிற தம்பியை ஹாஜியார் தம் கையெழுத்தால் சாகடித்திருக்கிறார். இனி அந்தப் பிள்ளை இந்த ஊருக்கு எப்படி வரும் என்று கேட்டேன். "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சீட்டை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

இவர்களுடைய கபர்ஸ்தானில்தான் அடக்கம். வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் எல்லாம் வெளியே வந்துவிடும். குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்றிக் கூடத்தில் வைத்தார்கள். முப்பது பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேரையும் ஹாஜியார் தெருவுக்கு அனுப்பினார். "உங்க முறைப்படி ஓத வேண்டியத ஓதிக்கங்க தங்கச்சி. எவ்வளவு நேரமானாலும் நாங்க வெளியில நிக்கிறோம்." தாமே கதவைச் சாத்தினார்.

அடக்க ஆராதனையைப் பாதிவரைதான் வாசித்தேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பேரைக் காதருகே சொன்னேன். ஞானாபரணம். ஞானாபரணம், என்னை மன்னியும் என்று சொன்னேன். பிறகு கதவைத் திறந்துவிட்டேன். தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடப் போகும் வழக்கம் இல்லை.

19 ஆகஸ்ட்

சாப்பிட மாட்டேன் என்றேன். மாதார் பீவி ஊட்டிவிட்டாள்.

9 அக்டோபர்

மிஷன் கடுதாசியை அடுப்பில் போட்டேன். நாளைக்குக் கப்பல். ஹாஜியாரின் உறவுக்காரக் குடும்பத்தோடு, மாதார் பீவியின் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போகிறேன்.

2 பிப்ரவரி 1915, தரங்கம்பாடி

மூன்று மாதம் தள்ளிப்போட்டு, இன்றைக்குக் காரைக்கால் போனேன். சேக் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. அச்சாக அண்ணன் ஜாடை. இப்போது உள்ளூரில் ஒரு தையற்கடையில் உட்கார்கிறாராம். அவருடைய இளம் மனைவி என்னை உள்ளே அழைத்துப் பாய் விரித்தாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். உங்கள் பிழைப்பைக் கெடுத்த பாவி நான், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"மௌத்தானவன்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்குறீங்களே லாத்தா" என்று சிரித்தார், சீட்டில் செத்துப்போன அந்த மனுஷர். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சைகோன்லேர்ந்து காக்கா எழுதியிருக்காரு. புளியமரத்துக்குக் கெழக்கால, மூணாவது கபராம். நல்ல நெழலாம். வெள்ளிக்கெழமதோறும் போயி நின்னுட்டு வர்றாராம். நீங்க வந்து கேட்டா சொல்லச் சொன்னாரு."

நான் கேட்கவே இல்லை. இவர் எங்கே கிடக்கிறார் என்பதுதான் ஆறு மாதமாக எனக்குத் தெரியாமல் இருந்தது.

அவர் மனைவி சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத அந்த வீட்டில் வாய்விட்டு அழுதேன். சைகோனில்கூட அப்படி அழவில்லை.