நெஞ்சைக் கரிக்கிறது

செவ்வாய், ஜூன் 3

காலையிலிருந்து மூட்டம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு வெறும் புழுக்கம். குடையைச் சுமந்ததுதான் மிச்சம்.

விடியும்போதே தொண்டையில் புளிப்பு. எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நடுவில் எரிச்சல், அங்கிருந்து மேலே மேலே. சில வாரமாகவே இப்படித்தான்.

டோம்பிவிலியிலிருந்து வித்யா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். பெற்ற பெண்ணுக்கு என் வயிறு இப்போது ஒரு புராஜக்ட். அதன்படி ஆகாதவை: காபி, தக்காளி ரசம், பச்சை மிளகாய், எலுமிச்சை, பொரித்தது. அதாவது என் சமையலறை முழுவதும். காபியையும் விட்டுவிட்டு எதற்காக எழுந்திருப்பது?

ஆபீசில் ஒரு ஏப்பம் வந்தது. என்னுடையது இல்லை, இவருடையது. அதே இழுவை, அதே நீளம். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஏப்பத்துக்காகத் திட்டியிருக்கிறேன், வாசல் வரை கேட்கிறது, மானம் போகிறது என்று. இன்று அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. இவர் போய் வருஷம் ஆகப்போகிறது. ஏப்பம் மட்டும் என்னிடம் குடிவந்துவிட்டது.

('இவர்' என்றுதான் கை எழுதுகிறது. 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ போல இருந்தது. அடித்துவிட்டேன்.)

புதன், ஜூன் 4

மாட்டுங்கா மார்க்கெட். இவர் படத்துக்குப் பூ. பூக்காரி தாராவியிலிருந்து வருகிறவள், திருநெல்வேலிப் பக்கம். நான் நெஞ்சைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, நெஞ்செரிப்பா? சீரகத்த நல்லா வறுத்து, வெந்நில போட்டுக் கொதிக்க வச்சுக் குடிங்க. மருந்து மாத்திரைக்கிப் போவாதீய. எங்க வீட்டுக்காரருக்கு அதுலதான் கேட்டுச்சு."

எல்லோர் வீட்டுக்காரருக்கும் எதிலாவது கேட்டிருக்கிறது.

இதுவரை செய்து பார்த்தது:
சீரகத் தண்ணீர் — பரவாயில்லை.
ஆறின பால் — குடிக்கும்போது சுகம், பிறகு இரட்டிப்பு எரிச்சல்.
சோம்பு மெல்லுவது — வாய் மணக்கிறது, அவ்வளவுதான்.
கோகம் என்கிற புளிப்புப் பழ சர்பத், ஆபீஸ் மராத்திக்காரி உபயம் — ருசி. பலன் சொல்லத் தெரியவில்லை.
தேன், எலுமிச்சை, வெறும் வயிற்றில் — யார் சொன்னார்களோ அவர்கள் நன்றாக இருக்கட்டும். உயிர் போய் வந்தது.

மாத்திரை மட்டும் கூடாது. இவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பட்டை இருக்கும், ரோஸ் கலர். மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருப்பார். "அசிடிட்டிடீ, வேற ஒண்ணுமில்லை." வேறு ஒன்றாகத்தான் இருந்தது. ஹார்ட்.

படத்துக்கு முன்னால் டம்ளரில் தண்ணீர் மாற்றி வைத்தேன். நேற்று வைத்ததில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஃபேன் காற்று. ஃபேன் காற்றுதான்.

இதை எழுதிவிட்டால் மனசு ஆறுமா பார்ப்போம். அன்று இவர் நெருளில் தம்பி ரமணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினார். ஏறிவிட்டேன் என்று ரமணிக்கு ஒரு போன். அதுதான் கடைசி. வழியில் முடியாமல் போய், செம்பூரில் இறக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். கூட வந்த யாரோ ஒருவர் இவர் போனிலிருந்தே கடைசி நம்பரைக் கூப்பிட்டுச் சொன்னார். எடுத்தது ரமணி. எனக்கு வந்து சொன்னதும் ரமணிதான்: "ஜலம், ஜலம்னே சொல்லிண்டிருந்தானாம் மன்னி."

அவ்வளவு கூட்டத்தில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் போனார். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குரல்.

சனி, ஜூன் 7

நல்ல மழை, ஒருவழியாக. துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர நாற்றம்.

ரமணி வந்திருந்தார். கையில் ஒரு டப்பா கட்டிப் பெருங்காயம், பாலக்காட்டிலிருந்து வரவழைத்தது. ரிடையர் ஆகிப் பிள்ளையோடு நெருளுக்கு வந்தவர். இந்த ஊர் இன்னும் பிடிபடவில்லை. ஹிந்தி சுத்தமாக இல்லை. ஆட்டோக்காரனிடம் கையைத்தான் காட்டுகிறார். இளைத்துவிட்டார்.

அவரே அடுக்களைக்குள் போய் மோர் கடைந்தார். வெண்ணெய் எடுத்த மோர், பெருங்காயம், துளி உப்பு, கறிவேப்பிலை.

"கேட்டேளா மன்னி, அன்னிக்கும் அண்ணா சாப்டு எழுந்துக்கறச்சேயே நெஞ்சைக் கரிக்கறதுன்னான். இதே மோர்தான் பண்ணிக் குடுத்தேன். உடனே கேட்டுது. சிரிச்சுண்டேதான் படியிறங்கினான்."

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கெளம்பறச்சே ஒரு பாட்டில் ஜலம் குடுத்தனுப்பத் தோணலையே எனக்கு. அதை நெனச்சா சோறு எறங்கலை. அந்த மோராவது குடுத்தேனே, கரிக்கற நெஞ்சோட அனுப்பலையே. அது ஒண்ணுதான் ஆறுதல் எனக்கு."

குடித்தேன். குடிக்காமல் எப்படி இருப்பது. ஜில்லென்று இறங்கியது. எரிச்சல் அடங்கியது, பொய் சொல்லக் கூடாது.

அவர் போன பிறகும் அடுக்களையில் பெருங்காய வாசனை. இவர் கடைசியாகக் குடித்தது இந்த வாசனையைத்தான். ஜன்னலைத் திறந்து வைத்தேன், சாரல் அடித்தது, மூடினேன்.

திங்கள், ஜூன் 9

மழை. ரயில் தாமதம். வழக்கம்தான்.

மோர் தொடர்கிறது. இரவுச் சாப்பாடு விளக்கு வைத்த உடனேயே. கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே செங்கல், வாட்ச்மேன் வைத்துக் கொடுத்தான். இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டுமாம். இடது பக்கம் திரும்பினால் இவர் படுக்கிற இடம். வலது பக்கம் திரும்பினால் எரிச்சல். நல்ல தேர்வு கொடுத்தார்கள்.

ஸ்டேஷன் மேம்பாலம் ஏறும்போது எரிந்தது. சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் இடித்துக்கொண்டு போனார்கள். விழுந்தால் யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தேன். என் போனில் கடைசி நம்பர் சிலிண்டர்காரனுடையது.

வித்யாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, படி ஏறினா எரியறதுன்னா அது மோர் குடிக்கற விஷயமில்லை. ஈசிஜி எடுக்கணும். அப்பாவும் இப்படித்தானே சொல்லிண்டிருந்தார்? ப்ளீஸ்மா."

"பாக்கலாம்."

"பாக்கலாம் கீக்கலாம் இல்லை. புக் பண்றேன்."

பயமாக இருக்கிறது. அதைவிடப் பைத்தியக்காரத்தனமாக இன்னொன்று: இந்த எரிச்சல் சரியாகிவிட்டால் இவரும் போய்விடுவார் என்று தோன்றுகிறது. வித்யாவிடம் இதைச் சொல்ல முடியுமா? வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போவாள்.

செவ்வாய், ஜூன் 10

வித்யா புக் செய்துவிட்டாள். வியாழன் காலை. லேடி டாக்டர். எங்கே என்றால் செம்பூர். வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு? அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷனில் நான் இறங்கியதில்லை.

அவளுக்கு லீவு இல்லையாம். ரமணி துணைக்கு வருகிறார். ஹார்பர் லைனில் அவருக்கும் வழி செம்பூர்தான். "நான் பிளாட்ஃபாரத்துல நிக்கறேன் மன்னி" என்றார். அவர் குரலும் சரியில்லை.

பால் தீர்ந்தது. தயிர், சீரகம் வாங்க வேண்டும்.

வியாழன், ஜூன் 12

மழை விட்டிருந்தது. பிளாட்ஃபாரம் ஈரம். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, ரமணியும் காட்டவில்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தோம்.

கிளினிக்கில் கூட்டம். வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பிறகு டாக்டர் உள்ளே கூப்பிட்டாள். மராத்திக்காரி, வித்யா வயசுதான் இருக்கும். ரமணியும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவள் கேட்டாள்:

"ஜலன்?"

"ஹாங்" என்றேன்.

"பஹுத் ஜலன்?"

ரமணி சட்டென்று எழுந்தார். வெளியே போய், கூலரிலிருந்து ஒரு கப் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து நீட்டினார்.

"குடிங்கோ மன்னி. ஜலம் வேணுமான்னு கேக்கறா பாருங்கோ, எவ்வளவு தங்கமான டாக்டர்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். 'ஜலன்' என்றால் எரிச்சல் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வார்த்தை என்னிடம் வரவே இல்லையே. ரமணியின் காது வழியாக 'ஜலம்' ஆகித்தான் வந்தது. இவர் தண்ணீர் கேட்கவில்லை. கூட வந்த அந்நியர்களுக்குப் புரியட்டும் என்று ஹிந்தியில் சொல்லியிருக்கிறார், எரிகிறது, எரிகிறது என்று. அந்த மனிதரும் அதையேதான் போனில் சொல்லியிருக்கிறார்.

கப்பை வாங்கிக் குடித்தேன்.

வெள்ளி, ஜூன் 13

ஆபீசுக்கு லீவு போட்டேன். வானம் வெளுத்திருக்கிறது.

ஈசிஜி சரியாக இருக்கிறதாம். ஆனாலும் படி ஏறும்போது எரிகிறது என்றதால் ஓட விட்டு ஒரு டெஸ்ட், அடுத்த வாரம். அசிடிட்டியும் நிஜம்தானாம். மாத்திரை எழுதியிருக்கிறாள். போடப்போகிறேன். மோர், சீரகம், செங்கல் எல்லாம் இருக்கட்டும் என்றாள். எலுமிச்சையை மட்டும் விடச் சொன்னாள். மோர் குடித்து அடங்கினால் வயிறுதான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாதாம். அதையும் சொன்னாள். ரமணிக்குப் புரியாத ஹிந்தியில் சொன்னாள், நல்லவேளை.

படத்துக்குத் தண்ணீர் வைக்கவில்லை. கேட்காத ஒன்றை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ரமணியின் மேல் கோபம் வருகிறது. மோராம், உடனே கேட்டதாம். ஒரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால்? பிறகு, பாவம், அந்தக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வருகிறது. கோபம் தங்க மாட்டேன் என்கிறது.

சொல்லாவிட்டால் அண்ணன் தாகத்தோடு போனான் என்று தவிப்பார். சொன்னால் மோருக்கு அடங்கவில்லை என்று தெரிந்துவிடும். அந்த ஒரு ஆறுதலும் போய்விடும். மாலைவரை இதே.

ஞாயிறு, ஜூன் 15

இட்லி. சட்னியில் மிளகாய் இல்லாமல். சகிக்கவில்லை.

ரமணி போன்.

"நேத்திக்கும் சொப்பனத்துல வந்தான் மன்னி. வாசல்ல நிக்கறான். ஜலம்ங்கறான். நான் எடுத்துண்டு வரதுக்குள்ள காணலை."

"ரமணி, இவர் ஜலம் கேக்கலை."

"பின்னே?"

எரிச்சல் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ஜபம். அந்த ஆள் ஜப், ஜப்னு சொன்னது உங்களுக்கு ஜலம்னு கேட்டிருக்கு. இவர் ஜபம் பண்ணிண்டே போயிருக்கார்."

"அண்ணாவா? ஜபமா?"

நியாயமான கேள்வி. பூணூலைப் பனியனோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்ட மனிதர்.

"கடைசி நேரத்துல வந்துடுமாம் ரமணி. டாக்டர்கிட்ட உக்காந்திருக்கறச்சே எனக்குப் புரிஞ்சுது."

கொஞ்சம் சிரித்தார். பிறகு அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"அப்போ தாகத்தோட போகலை."

"இல்லை."

"நெஞ்சும் கரிக்கலை."

"இல்லை. நீங்கதான் மோர் குடுத்தேளே."

"இனிமே தூங்குவேன் மன்னி" என்றார்.

நல்லது. ஒருத்தராவது தூங்கட்டும்.