பதினொரு தாளில் 'ஆம்'

சாந்தோ தொமிங்கோ,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் ஆசி கேட்டு லெயோகாதியோ எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

ஆவிகளை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பதுதான் இப்போது எங்கள் வேலை. "படிச்ச ஊரு, பத்துல ஒருத்தர் தேறினா அதிகம்," என்றார் மேலாளர் ரொசெந்தோ. பழகிக்கொள்ள, அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் பெயர் எழுதாமல் படிவத்தை நிரப்பினோம். 'இறந்தவர்கள் திரும்பி வருவார்களா?' பதினொரு தாளில் 'ஆம்'.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி எண்ணினேன்.

"என்னத்த எண்ணுற? அதுல ஒண்ணு என்னோடது," என்றார் ரொசெந்தோ, தலை நிமிராமல். "என் சம்சாரம் தினமும் காலையில வந்து சன்னலைத் திறந்துவிட்டுட்டுப் போறா."

'இல்லை' என்றவன் நான் ஒருவன்தான் என்று ஒப்புக்கொண்டேன். பக்கத்து மேசை மிகுயெலினா கேலி செய்வாள் என்று நினைத்தேன். "உங்கப்பா செத்து மூணு வருஷத்துல ஒரு தடவகூட ஒன்னப் பாக்க வரலையா? பாவம்டா," என்றாள். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

பஸ்ஸில் ஒரு கொசுவலையும் அப்பாவின் சவரக் கண்ணாடியும் கொடுத்தனுப்பு. தபால்காரர் காத்திருக்கிறார், முடிக்கிறேன். அம்மா, உன்னிடம் இதுவரை கேட்டதே இல்லை. அப்பா அங்கே வருகிறாரா? வந்தால் என் முகவரியைச் சொல்லிவிடு.

உன் லெயோ