குடுவையில் இருந்த உன் பசி

இன்று காலை எங்கள் அடுப்புக்குப் புது ரப்பர் குழாய் மாற்றினார்கள். பவுடர் பூசிய அந்த வாடை மூக்கில் ஏறியது. எழுந்து வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நாற்பது வருடமாக எழுத நினைப்பதுதான், பயம் விடவில்லை.

டெல்லியில் நாம் இருவரும் ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தோம். நான் கரோல்பாகில் வளர்ந்த குமாஸ்தா வீட்டுப் பெண். நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவள். என் தமிழில் பாதி இந்தி என்று நீ கேலி செய்யாத நாள் கிடையாது. உன் ஆய்வு பருப்பின் புரதம், என்னுடையது சோற்றின் மாவுச்சத்து. சமைத்து ஆறிய சோற்றில் ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள கிருமிகள் அதைத் தின்பது உடம்புக்கு நல்லது. இதை நான் நிரூபிக்க வேண்டும். அந்தக் கிருமிகள் கிடைக்க யாராவது தன் மலத்தைக் கொடுக்க வேண்டும். கேட்டதும் ஆய்வகமே ஓடி ஒளிந்தது. நீதான் டப்பாவை வாங்கிக்கொண்டாய்.

பொங்கலுக்கு நீ ரயிலேறிய அன்று காலை அதைக் கொண்டுவந்து தந்தாய். "ஏட்டி, என் வயிறு இங்கன கெடக்கட்டும். நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்றாய்.

உன் கிருமிகளைக் குடுவையில் விட்டு, உடம்புச் சூட்டிலிருந்த வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். தினமும் மதியம் ஒரு மணிக்கு, முந்தின நாள் வடித்த சோற்றை மசித்து, எடை போட்டு, பக்கத்துக் குழாய் வழியாக ஊட்டுவேன். சற்று நேரத்தில் குமிழி கிளம்பும். அந்த வாயு ரப்பர் குழாய் வழியே, தண்ணீர் நிரப்பிய அளவுக் கண்ணாடியில் சேரும். எவ்வளவு வாயு வருகிறதோ அவ்வளவு தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஆறாம் நாள் தந்தி வந்தது. ரயிலில் பிடித்த காய்ச்சலிலேயே போய்விட்டாய், தகனமும் முடிந்திருந்தது. அழுதுகொண்டே குடுவையிடம் போனேன். மணி ஒன்றாகிவிட்டதால் பழக்கத்தில் கை ஊட்டிவிட்டது. குமிழி வந்தது. ஊரில் நீ சாம்பலாகியிருந்தாய். என் எதிரே உன் வயிறு சூடு ஆறாமல் சோறு தின்றுகொண்டிருந்தது.

அதன்பிறகு அந்த அறையில் தனியாக இருக்கவே பயந்தேன். வெளியே மூடுபனி, பட்டப்பகலிலும் விளக்கு. குமிழி 'க்ளக்' என்றால், மெஸ்ஸில் நீ அவசரமாக விழுங்குவது போலவே இருக்கும். ஒரு நாள் மின்சாரம் போய் எல்லா இயந்திரமும் நின்றது. அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் இருபது நாள் அளவு முழுதாக இருந்தால்தான் ஆய்வேடு தேறும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். செத்துப்போன சிநேகிதியை வைத்துப் பட்டம் வாங்குகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டு, தினமும் ஊட்டினேன்.

பதினாறாம் நாள் உன் அண்ணன் வந்தார். லடாக்கில் ராணுவத்தில் இருந்தவர். பனியில் பாதை மூடியதால் உன் முகத்தைக்கூடப் பார்க்காதவர். விடுதியில் உன் பெட்டியை வாங்கிக்கொண்டு, நீ உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உன் மேஜையைத் தடவியபடியே, "அவளுக்கு வாய்க்கரிசி போடக்கூட எனக்குக் குடுத்து வைக்கலம்மா" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். குடுவையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. வெகுநேரம் குமிழிகளையே பார்த்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் போடலாமா என்று கேட்டார்.

எடை போடாத ஒரு பிடி அரிசி விழுந்தால் என் கணக்கு அன்றோடு பாழ். திரும்பத் தொடங்கலாம் என்றால் நீ இல்லை. ஆனாலும் சாம்பிள் பையிலிருந்து பச்சரிசியை அள்ளி அவர் கையில் கொடுத்து, அடைப்பானைத் திறந்தேன்.

மூன்று தடவை போட்டார். "சாப்பிட்டுப் போ தாயி" என்றார்.

வேகாத பச்சரிசிக்கு அவ்வளவு சீக்கிரம் வாயு வராது. அதைத்தானே நான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வந்தது. குடுவை முழுக்கப் பொங்கி, அளவுக் கண்ணாடி நிறைந்து, வாயு தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே போனது. அண்ணன் கும்பிட்டபடி நின்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது.

மறுநாள் ஒரு மணிக்கு ஊட்டினேன். குமிழி வரவில்லை. சூடு சரியாக இருந்தது, குழாயில் அடைப்பில்லை, காற்றும் புகவில்லை. இன்னும் மூன்று நாள் ஊட்டிப் பார்த்தேன். சோறு அப்படியே அடியில் தங்கியிருந்தது.

பேராசிரியர் கடுப்பானார். பதினைந்து நாள் அளவை வைத்தே ஒருவழியாக ஆய்வேட்டை முடித்தேன். 'கிருமிகள் செயலிழந்தன, காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். வாய்மொழித் தேர்விலும் அதைத்தான் கேட்டார்கள், அதையேதான் சொன்னேன். மற்ற எல்லா வரிக்கும் என்னால் ஆதாரம் காட்ட முடியும். அந்த ஒரு வரி பொய். அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். காரணம் எனக்குத் தெரியும். உன் அண்ணன் வரும்வரை நீ காத்திருந்தாய்.