துணைவிருந்தாளி

நேற்று காலை இரண்டு பெண்கள் என் வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்தார்கள். மழையில் நனைந்த கேன்வாஸ் பை. ஈரத்துணியும் கயிறும் உள்ளே எங்கோ நசுங்கிப்போன வாழைப்பழமும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மறந்து நின்றுவிட்டேன். அக்கா, அது உங்கள் பையின் வாடை.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்ட அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லாட்ஜில், மேசைக்கு இந்தப் பக்கம் கன்னியம்மாளாகிய நான். அந்தப் பக்கம் நீங்களும் ஜெசிந்தா அக்காவும். மல்லாட்டைக் கடலை மூட்டைக்கு விலை பார்க்க வந்து தங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த வளவனூர் ஏகாம்பரம். எனக்குச் சோறு கொண்டுவந்த என் நாத்தனார் பவுனு, இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தையோடு. கடைசியில் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்த மேனேஜர் கோதண்டம். உங்கள் பெயரை மட்டும் நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்த பெயரை உங்களுக்கே எதற்கு எழுத வேண்டும்?

எண்பதுகளில், பவுனுக்கு அந்தப் பெண் பிறந்த வருஷம். மாசி மாதம். லாட்ஜில் எனக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. மூன்றாம் வகுப்பு வரை போனவள் என்பதால், கோதண்டம் சாப்பிடப் போகிற நேரத்தில், தங்க வருகிறவர்களை எழுதும் நோட்டையும் என் பொறுப்பில் விட்டுப் போவார். அந்த அரை மணி நேரம் நான் நாற்காலியில் உட்காருவேன். அது எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

நீங்கள் உள்ளே வந்தபோது முதலில் முகம் மலர்ந்தவள் பவுனுதான். "நர்சம்மா" என்று எழுந்தே விட்டாள். "விழுப்புரம் ஆஸ்பத்திரியில எனக்குப் பிரசவம் பாத்தது இவங்கதான் அண்ணி. கொடி சுத்திக்கினு இருந்திச்சு, நீலமா பூடுச்சு புள்ள, இவங்கதான் தட்டித் தட்டி அழவெச்சாங்க." ஜெசி அக்கா குழந்தையை வாங்கி மூக்கோடு மூக்கு உரசினார். குழந்தை அவர் கன்னத்தைப் பிறாண்டியது.

எனக்கு வேறு கவலை. "கூட ஆம்பள யாரும் வர்லியா?" என்றேன்.

"வர்ல," என்றீர்கள். "மலை ஏறப் போறோம். விடியறப்ப அடிவாரத்துல இருக்கணும். விழுப்புரத்துலேர்ந்து மொத பஸ்ஸு புடிச்சாலும் வெயில் ஏறிடுது."

"எந்தக் கோயிலு?"

"கோயில் இல்ல. வெறும் பாறை."

"சாமி இல்லாத மலைக்கு எதுக்கு ஏறணும்?"

படிக்கட்டிலிருந்து ஏகாம்பரம், "புதையலா இருக்கும்," என்றார்.

"ஆமா," என்றார் ஜெசி அக்கா. "கெடச்சா உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பி வெக்கிறோம். விலாசம் குடுங்க."

எதிர்த்த லாட்ஜில் ஆண் துணை இல்லாமல் அறை தர மாட்டோம் என்று அனுப்பிவிட்டதையும் நீங்களே சொன்னீர்கள். மறைக்கத் தெரியாத ஆள் நீங்கள். உங்கள் கால் செருப்பைப் பார்த்தே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. பின்பக்கம் வார் வைத்து இறுக்கிக் கட்டிய ஆம்பளைச் செருப்பு. இது எங்கே கிடைக்கும், கால் கடிக்காதா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் முதலில் நோட்டு.

பெயர், ஊர், வேலை. நீங்கள் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க்கு, அவர் நர்சு. கடைசிக் கட்டத்தில் 'உறவு' என்று போட்டிருந்தது. கேட்டேன். நீங்கள் கொஞ்சம் யோசித்து, "துணைன்னு போடு," என்றீர்கள்.

எனக்குத் தெரிந்த துணையெல்லாம் சாமிதான். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற லாரி நெற்றியில் 'மயிலம் முருகன் துணை'. எதிரில் வருகிற பஸ்ஸில் 'மாதா துணை'. மனுஷிக்கு வெறும் துணை என்று எப்படி எழுதுவது? தலைவர் என்றால் பொம்பளைக்குத் தலைவி. அப்படியானால் இதற்கு என்ன வரும் என்று என் மூன்றாம் வகுப்பு மூளை கணக்குப் போட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பெரிதாக எழுதினேன். து. ணை. வி.

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே அதைப் படித்துவிட்டீர்கள். உங்கள் கை நோட்டின் மேல் வந்து விழுந்தது. ஜெசி அக்கா எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"தப்பா?" என்றேன்.

"பொண்டாட்டின்னு எழுதியிருக்கே," என்று மெதுவாகச் சொன்னீர்கள். கல்யாணப் பத்திரிகையில் துணைவி என்கிற வார்த்தையைப் பார்த்திருக்கிறேன், அப்போதுதான் உறைத்தது. "இந்த நோட்டு எங்கெங்க போவும்?"

"வாரா வாரம் போலீசு ஸ்டேசன்ல பாத்து கையெழுத்துப் போடுவாங்க."

உங்கள் முகம் வெளுத்துப்போனது. நீங்கள் விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தீர்கள், ஜெசி அக்கா நர்சுகள் விடுதியில். மாதத்தில் ஒரு நாள், ஒரு கதவுக்குப் பின்னால் சேர்ந்து இருக்க உங்களுக்கு இருந்தது இந்த மலைப்பயணம் ஒன்றுதான். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஒரு எழுத்தில் இரண்டு பேருடைய வேலையும் போகும் என்பது தெரிந்தது. அடித்து எழுதக் கூடாது, கிழிக்கக் கூடாது. பக்கத்துக்கு நம்பர் போட்டு வைத்திருந்தார் கோதண்டம்.

சுவரைப் பார்த்தேன். தினமும் நான் ஈரத்துணியால் துடைக்கிற பலகை. 'விருந்தாளிகள் செருப்பை வெளியே விடவும்.' அந்தப் பலகையில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் என் கைக்கு மனப்பாடம். வி ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது. பேனாவை எடுத்து மீதியைப் பக்கத்தில் நெருக்கி எழுதினேன். ருந்தாளி.

துணைவிருந்தாளி.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தீர்கள், தோள் குலுங்கக் குலுங்க. "கன்னிம்மா, நீ கலெக்டர் ஆபீசுல இருக்க வேண்டியவ."

பவுனு என் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். எட்டாவது பாஸ். எல்லாவற்றையும் படித்தாள். குழந்தையை ஜெசி அக்காவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கோதண்டம் வந்தார். கண்ணாடியை மாட்டினார். "துணை கலெக்டர் தெரியும், துணை தாசில்தார் தெரியும். துணை விருந்தாளி இன்னா?"

"கூட வந்தவங்க சார்," என்றேன். "அவங்க மெயின் கெஸ்ட்டு, இவங்க அசிஸ்டென்ட்டு."

ஏகாம்பரம் சிரித்தார். கோதண்டமும் சிரித்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து உங்கள் கையில் வைத்தார். சாவி உங்கள் கையில் இருந்தது அக்கா. அது வரைக்கும் நாம் ஜெயித்திருந்தோம்.

அப்போதுதான் பவுனு சொன்னாள். "மொதல்ல துணைவின்னுதான் அண்ணி எழுதினாங்க சார். இவங்களும் ஆமான்னுட்டாங்க. அப்புறம்தான் வாலு வெச்சாங்க."

நீங்கள் ஆமாம் என்று சொல்லவே இல்லை. சொன்னதாகச் சொன்னாள்.

ஏகாம்பரம் பல் குத்துவதை நிறுத்தினார். "அப்டீன்னா ரெண்டு பொம்பளையும் புருசன் பொண்டாட்டியா?" கோதண்டம் நோட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நெருக்கி எழுதிய எழுத்து காட்டிக்கொடுத்தது. "தாயீ, எனக்குப் பேஜாரு வேணாம். நாளைக்கு நோட்டு ஸ்டேசனுக்குப் போவணும். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது," என்று கையை நீட்டினார். நீங்கள் சாவியைக் கொடுத்தீர்கள். அந்தப் பக்கத்தை அவரே கிழித்தார். நம்பர் போட்ட பக்கத்தைப் போலீசு கண்ணில் படாமல் தன் கையால் கிழித்துப் போட்டார். அதற்காகத்தான் பின்னாளில் அவரை நான் மன்னித்தேன்.

நான் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு உங்களோடு கிளம்பினேன். "எங்க வூடு கூட்டேரிப்பட்டு. மேக்க பக்கம் பேரில்லாத பாறை ஒண்ணு கெடக்குது. நானே ஏறினதில்ல. வாங்க," என்றேன். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் உங்கள் பையையும் சேர்த்து நாலு பேராக உட்கார்ந்து வந்தோம். ஜெசி அக்கா ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தார். நான்தான் விடவில்லை. அந்தச் செருப்பு எங்கே வாங்கியது? கயிறு எத்தனை ஆளைத் தாங்கும்? மலை மேல் தாகம் எடுத்தால்? சூரியன் உதிக்கிறதைப் பார்க்கத்தான் என்றால் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் உதிக்கிறதே? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள். செருப்பு மட்டும் பாண்டிச்சேரியில் தைக்கச் சொன்னது.

மறுநாள் விடிய நானும் ஏறினேன். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிட்டது நீங்கள். வழுக்குப் பாறையில் முதலில் நீங்கள் ஏறிக் கயிற்றை மரத்தில் கட்ட, பின்னால் ஜெசி அக்கா என் குதிகாலை ஒவ்வொரு பள்ளமாகப் பிடித்து வைத்தார். உச்சியில் நிஜமாகவே ஒன்றுமில்லை. தேங்கிய மழைத் தண்ணீரில் தலைப்பிரட்டை நீந்தியது. அவ்வளவு உயரத்துக்குத் தவளை எப்படி வந்தது என்று கேட்டேன். "எங்கள மாதிரி ஏறித்தான்," என்றீர்கள். மூன்று பேரும் புளிச்சோறு சாப்பிட்டோம்.

அங்கே வைத்துத்தான் கேட்டேன். "நெசமா நீங்க ரெண்டு பேரும் இன்னா ஒறவு?"

ஜெசி அக்கா விரலை நக்கிக்கொண்டே சொன்னார். "நீ மொதல்ல எழுதினதுதான். ரெண்டாவது எழுதினது போலீசுக்கு."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் இன்னும் பத்துக் கேள்வி வந்தது. யார் முதலில் சொன்னது, சண்டை வந்தால் யார் சமாதானத்துக்கு வருவது என்றெல்லாம் கேட்டேன். நீங்கள் வெட்கப்பட்டீர்கள், அவர் வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் மலை எங்கள் ஊர்ப் பாறைதான், உங்கள் அறை எங்கள் பின்கட்டு. லாட்ஜ் வேலைக்கு நான் திரும்பிப் போகவில்லை. என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து இறங்கி, "யாரு இவங்க?" என்று கேட்டதற்கு, "மலை ஏறுறவங்க," என்றேன். "ஏறட்டும்," என்று படுத்துவிட்டார். நீங்கள் சொல்லி மற்றவர்களும் வந்தார்கள். பாண்டியிலிருந்து சைக்கிளில் இரண்டு ஆண்கள், ஒருவர் இன்னொருவருக்குக் காலில் முள் எடுத்துவிட்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம், சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போகிற மூன்று பேர் வந்து தங்கி, பட்டுச்சேலையோடு அந்தப் பாறையில் ஏறி, இறங்கத் தெரியாமல் மத்தியானம் வரை கத்தினார்கள். நான்தான் போய் இறக்கினேன்.

நேற்று வந்த பெண்களிடம் கேட்டேன், என் வீடு அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று. "நம்மள மாதிரி ஆளுங்க எங்க எங்க பயமில்லாம தங்கலாம்னு லிஸ்ட்டு இருக்கு. மலை ஏறுறவங்களுக்கே தனியா," என்று போனைக் காட்டிப் படித்தார்கள். 'கூட்டேரிப்பட்டு, கன்னியம்மாள் வீடு. பாய் உண்டு. கேப்பைக்கூழ், வறுத்த மல்லாட்டை. என்ன உறவு என்று கேட்கமாட்டார். மற்றதெல்லாம் கேட்பார்.' யார் எழுதியது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஜெசி அக்காவுக்குப் போன் போட்டேன். சத்தியமாக நான் இல்லை என்கிறார். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அவர் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாரோ என்னவோ. நீங்கள் இரண்டு பேரும் கடைசியில் ஒன்றாக இருந்த அந்த விழுப்புரம் வீட்டில்தான் இப்போதும் இருக்கிறார். முழங்கால் வலி.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

பவுனு பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் நீங்கள் தடுப்பீர்கள். "வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா, விடு கன்னிம்மா. அவ சொன்னதாலதான் நீ கெடச்ச." ஜெசி அக்காவும் அதையே சொல்வார். பவுனு மகள் பெரியவளானதற்கு அவர் மஞ்சள் பட்டுப்பாவாடை வாங்கிக் கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

லாட்ஜில் அது நடந்த வாரமே நான் பவுனிடம் கேட்டுவிட்டேன் அக்கா. கிணற்றடியில், நேருக்கு நேர். "சாவி கைக்கு வந்திருச்சேடி, ஏன் சொன்ன?"

அவள் வாளியை இறக்கக்கூட இல்லை. "அந்தக் கைதான் என் புள்ளைய மொதல்ல தொட்டுச்சுன்னு நெனச்சா ஒடம்பு கூசுது அண்ணி. வூட்டுக்கு வந்து புள்ளைக்கு ரெண்டு தரம் தண்ணி ஊத்தினேன்."

கொடி சுற்றி நீலமாகிப் போன பிள்ளையை அழவைத்த கை. வழுக்குப் பாறையில் என் குதிகாலைப் பிடித்து வைத்த கை. இதை உங்களிடம் சொன்னால் நீங்கள் அவரிடம் சொல்லிவிடுவீர்கள், உங்களுக்கு மறைக்கத் தெரியாது. அவர் கேட்டால் அதற்குப் பிறகு எந்தக் குழந்தையைத் தூக்கும்போதும் அது நினைவுக்கு வரும். அதனால் நானே வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் அவளை மன்னித்தது தெரியாமல் மன்னித்தது. அதை நான் கெடுக்கவில்லை.

ஆனால் எனக்குத் தெரியும். கோதண்டம் பயந்த மனுஷன், விட்டுவிட்டேன். ஏகாம்பரம் வாய்க்கொழுப்பு, அடுத்த மாசி வருவதற்குள் மறந்துவிட்டேன். எதிர்த்த லாட்ஜ்காரன் முகமே எனக்குத் தெரியாது. நீங்கள் எத்தனை தடவை சொல்லியும் நான் கீழே வைக்காத பெயர் ஒன்றுதான்.

பவுனு.