எழுபதாவது நிமிடத்திலிருந்து முழு அவசரம்

அவசரம்

அனுப்புநர்:
ப. ஜெயசீலன் (வயது 38),
ஜெராக்ஸ் கடை, பேருந்து நிறுத்தம் எதிரில்,
விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
அரியலூர் மாவட்டம்.

பொருள்: பழைய சேவை மையத்தில் உள்ள கணினியை "இயங்காத நிலை" என ஏலப் பட்டியலில் சேர்த்திருப்பது தவறு என்பது குறித்தும், அதன் நினைவகத்தை இம்மாதம் 25ஆம் தேதி முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கக் கோரியும்.

பார்வை: ஏல அறிவிப்பு, நாள் 03.11.2025, வரிசை எண் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று தங்கள் மேசைக்கு வந்தவற்றில் பாதி என் கையெழுத்தாகத்தான் இருக்கும். எனக்கென்று எழுதுவது இதுவே முதல் முறை. ஆகையால் கொஞ்சம் நீளும்.

2. மேற்படிக் கணினியை உடைந்த நாற்காலிகள், மின்விசிறிகளோடு ஒரே குவியலாக 19ஆம் தேதி ஏலம் விடுவதாகவும், அதற்கு முன் நினைவகம் அழிக்கப்படும் என்றும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அது இயங்காத கணினி அல்ல. சென்ற மாதம் மருத்துவ முகாமுக்காக அந்த அறையைத் திறந்தபோது நானே மின்இணைப்புக் கொடுத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் இரைந்துவிட்டுத் திரை வெளிச்சமாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் "சார், ரூமைப் பூட்டணும், கெளம்புங்க" என்றார்கள். வேண்டிய பக்கத்தைத் திறந்து ஒரு படம் எடுக்கத்தான் நேரம் இருந்தது.

3. 2012 முதல் 2014 வரை அந்த மையத்தில் நான் தற்காலிகக் கணினி இயக்குநராக இருந்தேன். மாலை ஐந்தரைக்கு மேல் அலுவலகக் கணினியில் கால்பந்து மேலாளர் விளையாட்டு ஒன்றை ஏற்றி, நண்பர் ராசாங்கத்தோடு விளையாடினேன். தவறுதான். நடவடிக்கை எடுப்பதானால் 25ஆம் தேதிக்குப் பிறகு எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

4. அந்த விளையாட்டில் நாம் பந்தை உதைப்பதில்லை. அணியை உருவாக்கி, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அணியின் பெயர் விக்கிரமங்கலம் யுனைடெட். மஞ்சள் சட்டை. கோல்கீப்பருக்குச் சத்துணவுக்கூடத்துச் செல்வம்மாள் பெயரை வைத்தோம். அவரைத் தாண்டி ஒரு முட்டைகூட வெளியே போகாது என்பதால். அந்த அம்மாள் கேள்விப்பட்டு, "ஏன்டா, நான் பந்து பொறுக்கவா பொறந்தேன்?" என்று கரண்டியோடு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த இரண்டு வருடம்போல் நான் பிறகு சிரித்ததே இல்லை ஐயா.

5. தகராறு ஒரே ஒரு பக்கத்தில்தான். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கோல் பின்தங்கினால் எந்த நிமிடத்திலிருந்து அவசரப்பட வேண்டும் என்று அதில் குறிக்க வேண்டும். அவசரம் என்று போட்டால் கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததும் உதைப்பார், பின்வரிசைக்காரர்களும் முன்னே ஓடுவார்கள். ஆனால் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், பின்னால் காலியாகிவிடும். ராசாங்கம் எப்போதும் எழுபதாவது நிமிடம், முழு அவசரம் என்றே போடுவார். நான் எண்பத்தைந்து என்பேன்.

6. ராசாங்கம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். மூன்று வருடம் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைப் பக்கம் அன்றாடக் கூலிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். 2014 பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு விசா வந்தது. "இன்னும் ஆறு மாசம் பாருடா, இங்கேயே எதாச்சும் கெடைக்கும்" என்றேன். அவர் கிளம்புவதற்கு முந்தைய மாலை, விளையாட்டில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் பாக்கி. வென்றால் மேல் பிரிவு. வழக்கம்போல எழுபது என்று குறித்தார். "எழுவதுலேயே ஓட ஆரம்பிச்சா எம்பதுல மூச்சு வாங்கும்டா" என்றேன். "ஒரு கோல் பின்னாடி இருக்கறவன் பந்தை வச்சுத் தட்டிக்கிட்டு நிக்க முடியுமாடா?" என்று கத்தினார். இருவருமே ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆட்டத்தைத் தொடங்காமலேயே கணினியை அணைத்தோம்.

7. மறுநாள் பெரம்பலூர் பேருந்து நிலையம்வரை உடன் போனேன். சென்னை பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே, "சீலா, கடைசி மேட்ச்ச நான் வந்து ஆடிக்கிறேன். நீ எதுலயும் கை வைக்காத" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

8. அடுத்த நாள் ஐந்தரை மணிக்கு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, அந்த எழுபதை அழித்துவிட்டு எண்பத்தைந்து என்று போட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. அவர் போயிருக்கக் கூடாது. அடுத்த மாதம் என் வேலையும் முடிந்து, அறையும் பூட்டப்பட்டது.

9. இடையில் இரண்டு முறை ஊருக்கு வந்தார், ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று அவர் அப்பா இறந்ததற்கு. இரண்டு முறையும் பூட்டுச் சாவி கிடைக்கவில்லை. மற்றபடி தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "நம்ம மேட்ச் அப்படியே இருக்காடா?" என்று கேட்பார். அப்படியே இருக்கிறது என்று பதினோரு வருடமாகப் பொய் சொல்லி வருகிறேன். இம்மாதம் 24ஆம் தேதி ஒரேயடியாக ஊரோடு வருகிறார். 25ஆம் தேதி மாலை ஐந்தரைக்கு ஆட்டம் என்று அவரே நாள் குறித்துவிட்டார்.

10. அந்த விளையாட்டின் கோப்பினை மட்டும் நகலெடுத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கருதலாம். இந்த விளையாட்டு புதிய கணினிகளில் ஓடாது, முயன்று பார்த்துவிட்டேன்.

11. ஆகவே தாங்கள் ஏலத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கவும், 25ஆம் தேதி மாலை ஒரு மணி நேரம் அறையைத் திறந்துவிடவும் உத்தரவிட வேண்டும். அதற்கு முன்பு ஏதேனும் ஒரு நாள், பத்து நிமிடம், என்னைத் தனியே அந்த அறைக்குள் விட வேண்டும். எண்பத்தைந்தைப் பார்த்தால் அவர் என்னைத் திட்டமாட்டார், சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதுதான் எனக்குப் பயம். அவர் போனது சரிதான். நான்தான் வாசலில் நின்றுகொண்டே இருந்துவிட்டேன். அவர் போட்ட எழுபதை அவர் வருவதற்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

12. அவசரம் என்று மனுவின் தலைப்பில் எழுதச் சொல்லிக் கேட்பவர்களிடம், அப்படி எழுதினால் அலுவலகத்தில் மதிக்கமாட்டார்கள் என்று இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். இன்று நானே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். தங்கள் உத்தரவுக்காகக் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன்.

இடம்: விக்கிரமங்கலம்
நாள்: 05.11.2025

இப்படிக்கு,
ப. ஜெயசீலன்

இணைப்பு:
(1) ஏல அறிவிப்பின் நகல்.
(2) கணினி இயங்கும் நிலையில் கைப்பேசியில் எடுத்த படம். அதில் 85 என்ற எண் தெளிவாகத் தெரியும். விசாரணைக்காக இப்படத்தை ராசாங்கம் வீட்டில் யாரிடமும் காட்ட வேண்டாம்.